ஒரு தெருவை மனிதர்களுக்காக மாற்றி அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நகரத்தை மனிதர்களுக்காக வடிவமைக்க வேண்டும் என்றதும் பலர் முழு நகரத்தின் வரைபடத்தையும் மேசையில் விரித்துவிடுகிறார்கள். அங்கே தொடங்கினால் வேலை நகராது. ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நாலு தெரு கூடும் ஒரு சிறு திடல். 200, 300 மீட்டருக்கு மேல் வேண்டாம். எதிரே வருவது ஒரு மனிதர் என்று நம் கண் கண்டுகொள்வது ஏறக்குறைய 100 மீட்டரில்தான். அவர் சிரிக்கிறாரா, முறைக்கிறாரா என்று தெரிய 20, 25 மீட்டருக்குள் வரவேண்டும். நாம் வேலை செய்யப்போகும் அளவு இதுதான்.

இந்த வேலையில் பெரும்பாலான தவறுகள் வரிசை மாறுவதால் வருகின்றன. முதலில் தரைக்கல் மாற்றுவார்கள், அப்புறம் விளக்கு, அப்புறம் ஒரு நீரூற்று. ஆட்கள் வரவில்லையே என்று கடைசியில் யோசிப்பார்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஏன் இந்த வரிசை என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, அளவோடு வரைந்த ஒரு அடிப்படை வரைபடம். செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பாதீர்கள். மேலிருந்து பார்த்தால் கதவு தெரியாது, படிக்கட்டு தெரியாது, நடைபாதையின் நடுவில் நிற்கும் மின்பெட்டியும் தெரியாது. அளவுநாடாவோடு நடந்து ஒவ்வொரு வாசல், மரம், கம்பம், வடிகால் மூடி, கடை முகப்பு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பின்னால் வரும் எல்லாப் படிகளும் இந்தத் தாளின் மேல்தான் நடக்கப்போகின்றன.

அடுத்தது, யாரிடம் என்ன அனுமதி வாங்க வேண்டும் என்ற பட்டியல். தெரு ஒருவர் பொறுப்பில், சிக்னல் இன்னொருவர் பொறுப்பில், தரைக்கு அடியில் ஓடும் குழாயும் கேபிளும் வேறு வேறு துறைகளின் பொறுப்பில் இருக்கும். தீயணைப்புத் துறையை முதல் வாரத்திலேயே பாருங்கள். அவர்கள் வண்டிக்கு எவ்வளவு அகலம் வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் கடைசியில் கேட்டால் வரைந்ததெல்லாம் வீணாகும்.

மூன்றாவதாக எண்ணுவதற்கு ஆட்கள். இரண்டு மூன்று பேர், ஒரு கடிகாரம், அட்டை, பென்சில். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

2. வரைவதற்கு முன் பாருங்கள்

காலையில் ஒரு தடவை, மதிய வெயிலில் ஒரு தடவை, வேலை விடும் நேரத்தில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை என்று தெருவுக்குப் போங்கள். விடுமுறை நாளில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைபவர்கள் உண்டு. அவர்கள் பார்த்தது வேறு தெரு.

இந்தக் கட்டத்தில் மூன்று தடயங்களைத் தேடுங்கள். ஒன்று, புல்லிலோ மண்ணிலோ மக்கள் தாங்களாகவே நடந்து நடந்து போட்ட ஒற்றையடிப் பாதை. இரண்டு, இருக்கையே இல்லாத இடத்தில் அவர்கள் உட்காரும் படிக்கட்டு, திண்டு, மரத்தடி. மூன்று, கடக்கும் கோடு இல்லாத இடத்தில் அவர்கள் சாலையைக் கடக்கும் புள்ளிகள். இவற்றை ஒழுங்கின்மை என்று எழுதிவிடாதீர்கள். இங்கே ஒரு பாதை, இங்கே ஓர் இருக்கை, இங்கே ஒரு கடவை வேண்டும் என்று தெருவே எழுதிக்கொடுத்த மனு அது.

அப்புறம் கண்ணின் உயரத்தை மாற்றிப் பாருங்கள். 95 சென்டிமீட்டர் என்பது ஆரோக்கியமான மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரம். அந்த உயரத்தில் கேமராவைப் பிடித்துக்கொண்டு தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால், நிறுத்திவைத்த வண்டிகளின் பக்கவாட்டைத் தவிர வேறொன்றும் படத்தில் இருக்காது. முடிந்தால் சக்கர நாற்காலியில் ஒரு தடவை போய்வாருங்கள். காகிதத்தில் தொடர்ச்சியாகத் தெரியும் நடைபாதை எத்தனை இடத்தில் அறுந்துபோகிறது என்பது அப்போது தெரியும்.

மக்களிடம் பேசுவதும் இந்தப் படியில்தான். மண்டபத்துக்குக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டால், கூட்டத்துக்கு வரப் பழகியவர்கள் மட்டும் வருவார்கள். தெருவிலேயே நின்று கேளுங்கள். ‘இங்கே என்ன வேண்டும்?’ என்று கேட்டால் எல்லோரும் பார்க்கிங் என்பார்கள். ‘நேற்று இந்த வழியாக எதற்கு வந்தீர்கள்? எங்கே நின்றீர்கள்? எந்த இடத்தைத் தவிர்த்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள், உபயோகமான பதில் வரும்.

3. எண்ணுங்கள், இரண்டு விதமாக

புதியவர்கள் தாண்டிப்போக ஆசைப்படும் படி இது. தாண்டாதீர்கள். வண்டிகளின் எண்ணிக்கை அநேகமாக எல்லா நகரங்களிலும் யாரிடமாவது கோப்பில் இருக்கும், மனிதர்களின் எண்ணிக்கை இருக்காது. கூட்டத்தில் ஒருவர் ‘இந்தத் தெருவில் மணிக்கு இத்தனை வண்டி போகிறது’ என்று சொல்லும்போது பதிலுக்கு வைக்க உங்களிடம் ஓர் எண் வேண்டும்.

முதல் எண்ணிக்கை, கடந்து போகிறவர்கள். தெருவுக்குக் குறுக்கே மனதில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 நிமிடம் மட்டும் அந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்களை எண்ணி, 6-ஆல் பெருக்குங்கள். நாள் முழுக்க எண்ணத் தேவையில்லை.

இரண்டாவது, தங்குகிறவர்கள். இதுதான் முக்கியம். ஒரு மணிக்கு ஒரு தடவை தெரு முழுக்க மெதுவாக நடந்து, நிற்பவர், உட்கார்ந்திருப்பவர், பேசுபவர், விளையாடும் குழந்தை என்று ஒவ்வொருவரையும் வரைபடத்தில் ஒரு குறியாகப் போடுங்கள். ஆணா பெண்ணா, ஏறக்குறைய என்ன வயது என்பதையும் சேருங்கள்.

டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கெல் தெருவில் நடப்பவற்றை மூன்றாகப் பிரித்தார். வேலைக்கோ பள்ளிக்கோ போவதுபோலச் செய்தே ஆகவேண்டியவை, உலாவுவது உட்காருவதுபோல விருப்பப்பட்டால் செய்பவை, பிறர் இருப்பதால் மட்டும் நடப்பவை. முதல் வகை மோசமான தெருவிலும் நடக்கும். இரண்டாவது, இடம் நன்றாக இருந்தால்தான் நடக்கும். இரண்டாவது கூடினால் மூன்றாவது தானாக வரும். அதனால் ‘ஆயிரம் பேர் நடக்கிறார்கள், தெரு நன்றாகத்தான் இருக்கிறது’ என்று முடிவுகட்டாதீர்கள். வேறு வழியில்லாமல் நடக்கிறார்களோ என்னவோ. ஒருவர் 10 நிமிடம் தங்கினால், 10 பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் நின்றதற்குச் சமமான உயிரோட்டம் அந்தத் தெருவுக்குக் கிடைக்கிறது.

தங்குகிறவர்களில் பெண்களின் பங்கைத் தனியாகப் பாருங்கள். நியூயார்க்கின் திடல்களை 1970-களில் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், பெண்களின் பங்கு குறைந்தால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு என்று கண்டார். எங்கே உட்காருவது என்பதை அவர்கள் அதிகம் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். முதியவர்களும் குழந்தைகளும் இல்லாவிட்டாலும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

பொதுவாக நடக்கும் தவறு, முன்பு எண்ணியது வெயில் நாள், பின்பு எண்ணியது மழை நாள் என்று ஆகிவிடுவது. கிழமை, நேரம், வானிலை மூன்றையும் தாளின் தலையில் எழுதிவைத்துவிடுங்கள்.

4. முதலில் வேகத்தை அடக்குங்கள்

இருக்கைக்கும் மரத்துக்கும் முன்னால் வண்டிகளின் வேகத்தைக் கவனிக்க வேண்டும். வேகமாக வண்டி போகும் சாலையின் ஓரத்தில் எவ்வளவு அழகான பெஞ்சு போட்டாலும் அதில் யாரும் பேசிக்கொண்டிருக்கப் போவதில்லை. பக்கத்தில் இருப்பவர் சொல்வதே கேட்காது.

போக்குவரத்து கூடினால் உறவு குறைகிறது என்பதை நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் 1969-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டுக் காட்டினார். நாளுக்குச் சுமார் 2,000 வண்டி போன தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள். சுமார் 16,000 வண்டி போன தெருவில் 0.9 மட்டுமே. மக்களிடம் ‘உங்கள் வீட்டு எல்லை எதுவரை?’ என்று வரையச் சொன்னபோது, அமைதியான தெருக்காரர்கள் தெருவையே தங்களுடையதாக வரைந்தார்கள். நெரிசல் தெருவில் வீட்டுக் கதவோடு எல்லை நின்றுவிட்டது.

குறிவைக்க வேண்டிய வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். மக்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களுக்கு சாலைப் பாதுகாப்பு பற்றிய 2020-ன் ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொன்ன அளவும் அதுவே. ஆனால் 30 என்று பலகை மட்டும் நட்டால் வேகம் குறையாது. ஓட்டுநர் பலகையைப் பார்த்து ஓட்டுவதில்லை, சாலையின் அகலத்தைப் பார்த்து ஓட்டுகிறார். எனவே மாற்ற வேண்டியது வடிவத்தை:

- வண்டி போகும் ஒவ்வொரு தடத்தின் அகலத்தையும் 3 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். 3.5 மீட்டர் நெடுஞ்சாலைக்கு உரியது. பேருந்து போகும் தடத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள்.
- தெரு முனையின் வளைவைக் கூர்மையாக்குங்கள். பெரிய வளைவில் வண்டி வேகம் குறைக்காமலே திரும்பும்.
- கடக்கும் இடத்தை நடைபாதையின் உயரத்துக்கு உயர்த்துங்கள். அதே மேடு வேகத்தடையாகவும் வேலை செய்யும்.
- வெறுமனே குறுக்கு வழியாகப் பயன்படுத்தும் வண்டிகளை வெளியே திருப்புங்கள். பார்சிலோனா 3×3 கட்டடத் தொகுதிகளை ஒன்றாக்கிச் செய்தது இதுதான். உள்ளே வேலை இருப்பவர் வண்டியில் வரலாம், ஊடே புகுந்து மறுபக்கம் போக முடியாது.

கடவைகளின் நேரக் கணக்கையும் இங்கேயே போட்டுவிடுங்கள். சிக்னல் நேரத்துக்குப் பல இடங்களில் நடப்பவரின் வேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைக்கிறார்கள். 12 மீட்டர் சாலையை அந்த வேகத்தில் 10 நொடியில் கடக்கலாம். கைத்தடியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 15 நொடி ஆகும். மீதி 5 நொடி அவர் சாலையின் நடுவில். பச்சை நேரத்தை நீட்டலாம், அல்லது நடைபாதையை இருபுறமும் முன்னே இழுத்துத் தூரத்தையே 7 மீட்டராக்கலாம். என் ஓட்டு இரண்டாவதற்கு, ஏனென்றால் சிக்னல் பழுதானாலும் அது வேலை செய்யும். நடைமேம்பாலமும் சுரங்கப்பாதையும் நகருக்குள் வேண்டாம். வண்டி நேராகப் போக, மனிதர் மட்டும் ஏறி இறங்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

‘எல்லா வண்டியும் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும்’ என்ற எதிர்ப்பு கண்டிப்பாக வரும். சில வண்டிகள் போகும். சிலர் நேரத்தை மாற்றுவார்கள், சிலர் பயணத்தையே விட்டுவிடுவார்கள். வாதாடுவதைவிடப் பக்கத்துத் தெருக்களையும் முன்கூட்டியே எண்ணிவைப்பது நல்லது.

5. நடக்கும் பாதையை அறுபடாமல் வையுங்கள்

இது சுருக்கமான படி. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் வேண்டும். அந்த அகலம் தெரு முழுக்க எந்தத் தடையும் இல்லாமல் ஓட வேண்டும். கம்பம், குப்பைத்தொட்டி, மரம், சைக்கிள் நிறுத்தம் எல்லாம் சாலையோரப் பட்டையில் ஒரே வரிசையில் நிற்கட்டும்.

சரிவுப் பாதை 1:12-ஐவிட, அதாவது 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றத்தைவிட, செங்குத்தாக இருக்கக் கூடாது. சரிவைக் கட்டிவிட்டு அதன் அடியில் சரியாக ஒரு கம்பத்தை நட்டிருப்பதை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். இரண்டும் வேறு வேறு ஒப்பந்தக்காரர்கள், வேறு வேறு வரைபடங்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பக்கத் தெரு வந்து சேரும் இடத்தில் நடைபாதை கீழே இறங்கக் கூடாது. நடைபாதை அதே மட்டத்தில் போகட்டும், வண்டி ஏறி இறங்கட்டும்.

6. ஓரங்களைக் கவனியுங்கள்

நாம் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 1.4 மீட்டர் நடக்கிறோம். கடை முகப்பு 6, 7 மீட்டர் அகலம் என்றால் ஐந்து நொடிக்கு ஒரு புதிய காட்சி. அதுவே 60 மீட்டர் வெற்றுச் சுவர் என்றால் முக்கால் நிமிடம் பார்க்க ஒன்றுமில்லை. தூரம் அதேதான், ஆனால் அந்தச் சுவரோரம் நீளமாகத் தோன்றும், இருட்டியபின் பயமாகவும் இருக்கும். 100 மீட்டருக்கு 15 முதல் 20 வாசல் இருந்தால் உயிருள்ள ஓரம். 2, 3 வாசல்தான் என்றால் முதல் வேலை அங்கேதான்.

கட்டடம் உங்கள் கையில் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். உயரமான மதிலின் ஒரு பகுதியை இடுப்பளவாகக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். சுவரை ஒட்டி உட்காரும் திண்டு கட்டலாம், சிறு கடைகளுக்கு இடம் விடலாம். மூடியே கிடக்கும் முன்கதவைத் திறக்கச் சொல்லலாம். கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாளை உரித்தாலே சில தெருக்கள் மாறிவிடுகின்றன. உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டும். நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் சொன்ன ‘தெருவின் மேல் கண்கள்’, உள்ளிருந்து தெருவைப் பார்க்கும் இந்த ஆட்களுடையவைதாம்.

திடலின் நடுவை நிரப்பத் துடிப்பது இங்கே நடக்கும் தவறு. மக்கள் நடுவில் போய் நிற்பதில்லை. தூண், சுவர், மரம் என்று முதுகுக்குப் பின்னால் ஏதாவது இருக்கும் இடத்தைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். ஓரம் நிரம்பினால்தான் நடு நிரம்பும். சிலையோ நீரூற்றோ வைக்கத்தான் வேண்டும் என்றால் அதைச் சுற்றி உட்காரும் விளிம்பு இருக்கட்டும்.

நின்று பேசுவது மட்டும் இதற்கு விலக்கு. தெரிந்தவரை வழியில் பார்த்துப் பேசத் தொடங்குபவர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள் என்று நினைப்போம். வைட் படம்பிடித்துப் பார்த்தபோது அவர்கள் கூட்டம் போய்வரும் பாதையின் நடுவிலேயே, பெரும்பாலும் தெரு முனையிலேயே, நின்று பேசினார்கள். ஆகவே முனைகளை அகலப்படுத்துங்கள். அங்கே பெட்டியும் கம்பமும் நடாதீர்கள்.

7. உட்கார இடம் கொடுங்கள்

வைட்டின் ஆய்வில் வந்த முடிவு கேட்கச் சாதாரணமானது: உட்கார இடம் எங்கே இருக்கிறதோ அங்கே மக்கள் உட்காருகிறார்கள். வெயில், வடிவம், இடத்தின் பரப்பு எல்லாவற்றையும் அலசிவிட்டுத்தான் அவர் இங்கே வந்தார்.

30 முதல் 90 சென்டிமீட்டர் உயரமுள்ள எந்த விளிம்பிலும் உட்காருவார்கள். முதியவர்களுக்கு 45 சென்டிமீட்டர், முதுகு சாய, கை ஊன்றி எழ ஏற்பாடு வேண்டும். திண்டு இருபுறமும் உட்காரும்படி இருந்தால் 75 முதல் 90 சென்டிமீட்டர் ஆழம் விடுங்கள். இல்லையென்றால் முதுகோடு முதுகு இடிக்கும்.

உயரத்தைவிட முக்கியமானது திசை. சுவரைப் பார்த்து, முதுகைத் தெருவுக்குக் காட்டிப் போட்ட பெஞ்சு காலியாகவே கிடக்கும். மனிதர்கள் பார்க்க விரும்புவது மற்ற மனிதர்களை. நடக்கும் பாதையிலிருந்து வெகுதூரம் தள்ளிப் போட்டாலும் அதே கதிதான். நேர்க்கோட்டில் போட்ட நீண்ட பெஞ்சில் மூன்று பேர் பேச முடியாது, நடுவில் இருப்பவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு பெஞ்சுகளை ‘ட’ வடிவில் சேர்த்துப் போடுங்கள். பேச வேண்டுமானால் திரும்பலாம், வேண்டாமென்றால் நேராகப் பார்க்கலாம்.

நகர்த்தக்கூடிய நாற்காலி இவை எல்லாவற்றையும்விட மேல். ஒருவர் வருகிறார், நாற்காலியைத் தூக்குகிறார், அரை அடி இந்தப் பக்கம் வைக்கிறார், கொஞ்சம் பின்னே இழுக்கிறார், உட்காருகிறார். பார்த்தால் ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆனாலும் இப்போது அது அவர் தேர்ந்தெடுத்த இடம். பக்கத்தில் இருப்பவரிடம் ‘உங்களை இடைஞ்சல் செய்யமாட்டேன்’ என்று வாய் திறக்காமல் சொல்லவும் அந்த அரை அடி போதும். நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா 1992-ல் மறுபடி திறந்தபோது இப்படிப்பட்ட நாற்காலிகளைத்தான் போட்டார்கள். திருடு போகும் என்ற பயம் எல்லா இடத்திலும் உண்டு. சில போகத்தான் செய்யும். அதையும் பராமரிப்புச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிழல், குடிநீர், கழிப்பறை. இந்த மூன்றும் இல்லாவிட்டால் தங்குகிற நேரம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. கழிப்பறையைத் திட்டத்திலிருந்து வெட்ட எல்லோரும் முயல்வார்கள், விடாதீர்கள்.

8. சிமென்ட் ஊற்றும் முன் தற்காலிகமாகச் செய்து பாருங்கள்

பெயின்ட், டிராஃபிக் கோன், செடித்தொட்டி, நாற்காலி. இவற்றைக் கொண்டே புதிய ஓரக்கோட்டையும் கடவையையும் தெருவில் உருவாக்கிப் பார்க்கலாம். தவறு தெரிந்தால் தொட்டியை நகர்த்தினால் போதும். கருங்கல்லை அப்படி நகர்த்த முடியாது.

கோபன்ஹேகனின் ஸ்ட்ரோயெட் வீதியில் 1962-ல் வண்டிகளை நிறுத்தியது சோதனையாகத்தான். இந்தக் குளிரில் யார் தெருவில் உட்காரப் போகிறார்கள் என்று எதிர்ப்பு வந்தது. 1964-ல் அதுவே நிரந்தரம் ஆனது. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009-ல் வண்டிகளை மறித்தவுடன் போட்டது மடக்கு நாற்காலிகள்தான், கல் வேலையெல்லாம் பின்னால் நடந்தது.

ஒருநாள் திருவிழாவைச் சோதனை என்று எண்ணிவிடாதீர்கள். இலவசமாக ஏதாவது நடந்தால் எந்தத் தெருவிலும் கூட்டம் வரும். குறைந்தது ஒரு பருவமாவது விடுங்கள். முதல் இரண்டு வாரக் குழப்பத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், ஓட்டுநர்கள் புது வழிக்குப் பழக நாளாகும்.

தொடங்கும் முன்பே தெருக்காரர்களிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்: எதை அளக்கப்போகிறோம், என்ன எண் வந்தால் தொடர்வோம், என்ன எண் வந்தால் பழையபடி மாற்றுவோம். கடைகளுக்குச் சரக்கு இறக்கும் நேரத்தை அவர்களோடு உட்கார்ந்து தீர்மானியுங்கள். எதிர்ப்பில் பாதி இதிலேயே கரையும்.

9. மறுபடி எண்ணி, அப்புறம் கட்டுங்கள்

அதே கோடு, அதே கிழமை, அதே நேரம். முந்தைய தாளோடு வைத்துப் பாருங்கள்.

நடப்பவர் கூடி, தங்குகிறவர் கூடவில்லை என்றால் பாதை சரியாகிவிட்டது, இருக்கையோ நிழலோ ஓரமோ சரியில்லை. 6, 7-ஆம் படிகளுக்குத் திரும்புங்கள். தங்குகிறவர்கள் கூடியும் எல்லோரும் இளைஞர்களாகவே இருந்தால் கடவையையும் கழிப்பறையையும் பாருங்கள். பகலில் நிறைந்து இரவில் வெறிச்சோடினால் அந்த நேரத்தில் திறந்திருக்கும் வாசல்கள் எத்தனை என்று எண்ணுங்கள், விளக்கை மட்டும் கூட்டுவதால் சரியாகாது. இருந்த சிறு வியாபாரிகளோ வாடகைக்காரர்களோ காணாமல் போயிருந்தால் அது வடிவமைப்பால் மட்டும் தீரக்கூடியது அல்ல. வாடகை, உரிமம் பற்றிய பேச்சை இப்போதே தொடங்க வேண்டும்.

எண்கள் ஒத்துவந்தபின் நிரந்தர வேலைக்குப் போங்கள். தரைக்கு அடியில் உள்ள குழாய், கேபிள் வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள். புதுத் தரையை ஆறாவது மாதத்தில் யாராவது தோண்டினால் ஒட்டுப்போட்ட தெருதான் மிஞ்சும். யார் பெருக்குவது, உடைந்த கல்லை எத்தனை நாளில் மாற்றுவது, செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதற்குப் பொறுப்பாளரும் ஆண்டுத் தொகையும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

எண்ணும் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். கோபன்ஹேகனில் 1968, 1986, 1995, 2005 ஆகிய ஆண்டுகளில் நகரின் பொதுவாழ்க்கையை மறுபடி மறுபடி கணக்கெடுத்தார்கள். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் அடுத்த தெருவுக்கான அனுமதியைக் கையில் எண்களோடு போய்க் கேட்க முடிந்தது. உங்கள் தெருவிலும் ஆண்டுக்கு ஒருமுறை, அதே வாரத்தில் எண்ணுங்கள்.